25 ஆயிரத்தில் கம்ப்யூட்டர்: பணம் கொடுக்கும் முன் பாருங்கள்

வீட்டிற்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்க முடிவு செய்துவிட்டீர்கள். கையில் உள்ள பணமோ குறைவு. கடைக்குப் போனால் ஐ3, ஐ5, எஸ்.எஸ்.டி., டி.டி.ஆர். என்று அடுக்குகிறார்கள். எதைக் கேட்க வேண்டும், எதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் குறைந்த பணத்திலும் நல்ல கம்ப்யூட்டர் வாங்கலாம்.

முக்கூடலில் எங்கள் உறவினர் அக்கா ஒருவர் இருக்கிறார். பீடி சுற்றி, சீட்டுக் கட்டி 25 ஆயிரம் ரூபாய் சேர்த்திருந்தார். 2025-ல் மகளுக்கு இன்ஜினீயரிங் சீட் கிடைத்தது. ஜூலை மாதம் ஒரு நாள் எனக்குப் போன் செய்தார். "தம்பி, கடைக்காரர் ஐ5-னு சொல்லுதாவ. புல் செட் 14 ஆயிரமாம். எடுத்துரவா?" என்றார். அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுநாள் அவருடன் கடைக்குப் போனேன். அங்கே பார்த்தவற்றையே இங்கு பாடமாகத் தருகிறேன்.

ஐ5 என்றால் போதுமா?

போதாது. ஐ5 என்பது குடும்பப் பெயர் மாதிரி. எந்தத் தலைமுறை என்பதை அதன் பின்னால் வரும் எண்தான் சொல்லும். நான்கு இலக்க எண் என்றால் முதல் இலக்கத்தைப் பாருங்கள். ஐ5-3470 மூன்றாம் தலைமுறை. ஐ5-8400 எட்டாம் தலைமுறை. ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டு இலக்கங்கள். ஐ5-10400 பத்தாம் தலைமுறை.

அக்காவிற்குக் காட்டியது ஐ5-3470. இது 2012-ல் வந்த ப்ராசசர். இதைவிட ஐ3-8100 மேல்.

இந்த எண் ஏன் முக்கியம்? விண்டோஸ் 10-க்கான இலவச சப்போர்ட்டை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ல் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்குப் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்த இன்டெல் ப்ராசசர் வேண்டும். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஏ.எம்.டி. ரைசன் என்றால் 3000 வரிசையோ அதற்குப் பிந்தியதோ வாங்குங்கள்.

"இதிலேயே விண்டோஸ் 11 ஓடுகிறதே" என்று பழைய கம்ப்யூட்டரைச் சிலர் காட்டுவார்கள். சோதனையைத் தாண்டும்படி செய்து போட்டிருப்பார்கள். அப்படிப் போட்டால் அப்டேட் ஒழுங்காக வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கடையிலேயே சோதிப்பது எப்படி?

1. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ப்ராசசரின் முழுப் பெயர், ராம் அளவு, டிஸ்க் எஸ்.எஸ்.டி.யா ஹார்ட் டிஸ்கா என்பது எல்லாம் தெரியும். ஸ்டிக்கரை நம்பாதீர்கள், திரையை நம்புங்கள்.

2. ராம் 8 ஜி.பி. இருக்கட்டும். விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. போதும் என்று சொன்னாலும் பிரவுசர் திறந்ததும் திணறும். டி.டி.ஆர்.4 கேளுங்கள். டி.டி.ஆர்.3 ராமைப் பின்னால் புதிய போர்டில் பயன்படுத்த முடியாது.

3. 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. அவசியம். பழைய கம்ப்யூட்டரின் வேகத்தைக் கூட்ட இதைவிட மலிவான வழி இல்லை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாப்ட்வேர் அந்த டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, ஆரோக்கியம் எப்படி என்று காட்டும். பென் டிரைவில் கொண்டுபோங்கள்.

4. யு.எஸ்.பி. போர்ட்டுகள் எல்லாவற்றிலும் பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். அரை மணி நேரம் வீடியோ ஓடவிடுங்கள். சூட்டில் நின்றுபோகும் கம்ப்யூட்டர் அதற்குள் தெரிந்துவிடும்.

மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்

நம் பகுதியில் இது மிக முக்கியம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு நெல்லையிலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் வீடு, கடை, அலுவலகம் எல்லாவற்றிலும் தண்ணீர் புகுந்தது. அப்படி நனைந்த கம்ப்யூட்டர் காயவைத்துத் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வரலாம். சில மாதங்கள் ஓடும். பிறகு துரு தின்றுவிடும்.

அக்கா பார்த்த பெட்டியைத் திறக்கச் சொன்னேன். எஸ்.எம்.பி.எஸ். சல்லடைக்குள் காய்ந்த வண்டல் படிந்திருந்தது. வெளியே பெயின்ட் பளபளத்தது. கடைக்காரருக்கே அது தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். மொத்தமாக வாங்கி வந்ததாகச் சொன்னார். நீங்கள் பார்க்க வேண்டியவை:

* உள்ளே உள்ள ஸ்க்ரூக்களில் துரு
* மதர்போர்டு கனெக்டர்களில் வெள்ளை அல்லது பச்சைப் பூச்சு
* பெட்டியின் உட்சுவரில் தண்ணீர் நின்ற கோடு
* ஊறி உப்பிய லேபிள், மூலைகளில் மண்

இவற்றில் ஒன்று இருந்தாலும், எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.

பணத்தை எப்படிப் பிரிப்பது?

வேறொரு கடையில், கம்பெனி அலுவலகத்தில் பயன்படுத்தி விற்ற பிராண்டட் டெஸ்க்டாப் கிடைத்தது. கணக்கு இதோ:

சி.பி.யு. (ஐ5-8400, 8 ஜி.பி., 256 எஸ்.எஸ்.டி.): 15,500
பழைய மானிட்டர்: 3,800
புதிய யு.பி.எஸ்.: 3,000
கீபோர்டு, மவுஸ்: 700
மொத்தம்: 23,000 ரூபாய்

மீதி இரண்டாயிரத்தில் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் சரிபார்த்தோம். ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வாங்கினோம். 2025 இறுதியிலிருந்து ராம் விலை ஏறியதால், இந்த விலைகளை அப்படியே எதிர்பார்க்காதீர்கள். பிரிக்கும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

யு.பி.எஸ். வாங்காமல் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாமே என்று அக்கா கேட்டார். கூடாது. நான் படித்த காலத்தில் எங்கள் வீட்டில் யு.பி.எஸ். இல்லை. ஒரு கார்த்திகை மாத இடியில் மதர்போர்டு போனது. புராஜெக்ட் முடிக்க நண்பன் வீட்டிற்கு ஒரு மாதம் அலைந்தேன். மழைக்காலத்தில் இடி இடித்தால் பவர் பிளக்குடன் இன்டர்நெட் கேபிளையும் கழற்றிவிடுங்கள். சி.பி.யு.வைத் தரையில் வைக்காதீர்கள். மேஜை மேல் வையுங்கள்.

இன்னும் குறைவாகத்தான் பணம் இருக்கிறதா?

அப்படியானால் பழைய தலைமுறை கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் போடுங்கள். இலவசம், அப்டேட்டும் வரும். லிப்ரே ஆபீஸ், சி, பைதான், ஜாவா எல்லாம் இதில் உண்டு. முதல் வருடக் கல்லூரிப் பாடத்திற்குத் தாராளமாகப் போதும். இது புது யோசனை அல்ல. 2005-ல் எச்.சி.எல். நிறுவனம் பத்தாயிரத்திற்கும் குறைவாகக் கம்ப்யூட்டர் விற்றபோது அதில் இருந்தது லினக்ஸ்தான். ஆனால் நனைந்த கம்ப்யூட்டர் எந்த சாப்ட்வேர் போட்டாலும் நனைந்ததுதான்.

கடைசியாக, ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குங்கள். சீரியல் எண்ணையும், எத்தனை மாத வாரன்டி என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். வாயால் சொல்லும் வாரன்டி கடைப் படியைத் தாண்டாது.

அக்கா மகள் இப்போது அதில்தான் பைதான் எழுதிப் பழகுகிறாள். பெட்டியின் மேல் துணி போட்டு மூடியிருந்தார் அக்கா. காற்று போகாது என்று சொல்லி அதை மட்டும் எடுக்கச் சொன்னேன். நீங்களும் மூடாதீர்கள்.