செடிகளைத் தேடி வந்த ஓவியர் மரியான் நார்த்



நம்ம தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் இருந்தபோது, 1776-இல் ராட்லர் என்ற பாதிரியார் வந்தார். இங்குள்ள செடிகளைப் பறித்து, காகிதத்துக்கு நடுவே அழுத்திக் காயவைத்துச் சேர்த்தார். அவற்றில் பல இப்போது லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் உள்ளன. ஆனால் ஒரு செம்பருத்திப் பூவை நோட்டுக்குள் வைத்துப் பாருங்கள், கொஞ்ச நாளில் சிவப்பு போய்விடும். அந்தக் காலத்தில் கலர் போட்டோவும் கிடையாது. பூவின் நிறம் தூர தேசம் போய்ச் சேர, யாராவது வரைந்தால்தான் உண்டு.

அதையே வாழ்க்கையாகச் செய்தவர்தான் மரியான் நார்த். 1830-இல் இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரில் பிறந்தார். ஓவியக் கல்லூரியில் படித்தவர் இல்லை. சிலரிடம் கொஞ்ச நாள் கற்றுக்கொண்டார், அவ்வளவுதான். கல்யாணம் செய்துகொள்ளாமல் அப்பாவுக்குத் துணையாக இருந்தார். 1869-இல் அப்பா இறந்தார். 1871-இல் வர்ணப் பெட்டியோடு வெளிநாடு கிளம்பினார். அப்போது வயசு 40! பணக்காரர், அதனால் முடிந்தது என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் பணமிருந்த எத்தனையோ பெண்கள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துதானே பூ வரைந்தார்கள்?

ஜமைக்கா, பிரேசில், ஜப்பான், இலங்கை என்று சுற்றினார். செடியைப் பறித்து மேசையில் வைத்து வரையாமல், அது வளரும் மலை, ஆறு, காடு எல்லாவற்றோடும் எண்ணெய் வர்ணத்தில் வரைந்தார். அறிவியல் பாடத்தில் பூச்சி பிடிக்கும் குடுவைத் தாவரம் நெப்பந்தஸ் பற்றிப் படிக்கிறோமே, போர்னியோ தீவில் அதில் ஒன்றை வரைந்தார். அதுவரை விஞ்ஞானிகளுக்கே தெரியாத வகை அது! அதனால் நெப்பந்தஸ் நார்த்தியானா என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

1877-இல் இந்தியா வந்து ஒரு வருஷத்துக்கு மேல் தங்கி, 200-க்கும் அதிகமான படங்கள் வரைந்தார். நம்ம தஞ்சாவூருக்கும் வந்தார். அங்கே ஜட்ஜாக இருந்த பர்னெல் துரை பெரிய சமஸ்கிருத அறிஞர். அவர் வீட்டில் தங்கி, நம்ம ஜனங்கள் புனிதமாக நினைக்கும் செடிகளை வரைந்தார். பெரிய கோயிலையும் வரைந்தார். அது தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணமே தவித்த நேரம். பூப் படங்களை மட்டும் பார்த்தால் அந்தப் பசி தெரியாது. எனக்கு இது கொஞ்சம் உறுத்துகிறது.

கடைசியில் கியூ தோட்டத்திலேயே சொந்தச் செலவில் ஒரு கட்டடம் கட்டி, படங்களைத் தானே வரிசைப்படுத்தி மாட்டினார். 1882-இல் திறந்தார்கள். 1890-இல் அவர் காலமானார். 800-க்கும் மேற்பட்ட படங்கள் சுவர் தெரியாமல் அங்கே இன்றும் இருக்கின்றன. பார்க்க வருபவர்களுக்கு டீ, காபி கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்டாராம். தோட்டத்து அதிகாரிகள் முடியாது என்றுவிட்டார்கள். அம்மா சும்மா இருப்பாரா? வாசல் கதவுகளுக்கு மேலே தேயிலைச் செடியையும் காபிச் செடியையும் வரைந்து வைத்துவிட்டார்!