மலைமுகட்டில் கைபேசிக் கோபுரம்: அமெரிக்க உள்ளாட்சிகளின் அதிகாரம் – முக்கியக் குறிப்புகள்

(பொது நிர்வாகம், சட்டம் ஆகியவற்றை விருப்பப் பாடமாக எடுத்தவர்களுக்கு)

அடிப்படை

• எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று வகுக்கும் அதிகாரம் மாநிலங்களுடையது. அவை அதை உள்ளாட்சிகளுக்குத் தந்துள்ளன. இதை உச்ச நீதிமன்றம் ஏற்ற வழக்கு: யூக்ளிட் எதிர் ஆம்ப்ளர், 1926.

• அலைக்கற்றை மத்திய அரசிடம். ஒழுங்காற்று அமைப்பு எஃப்.சி.சி. (தொடக்கம் 1934).

• மலையில் சிக்கல் கூடுவதற்குக் காரணம் எளியது. கைபேசி அலையை முகடு மறைத்துவிடும். அதனால் நிறுவனங்கள் உச்சியைக் கேட்கின்றன. ஊரார் காக்க நினைப்பதும் அதே உச்சியைத்தான்.

1996 தொலைத்தொடர்புச் சட்டம், பிரிவு 704

• நாள்: 1996 பிப்ரவரி 8. இடம், உயரம், தோற்றம் பற்றி முடிவெடுக்கும் உரிமை உள்ளாட்சிக்கே என்று இப்பிரிவு உறுதி செய்கிறது. கூடவே வரம்புகளையும் வைக்கிறது:

– நிறுவனங்களுக்கிடையே நியாயமற்ற பாகுபாடு கூடாது.
– சேவையே இல்லாமல் போகும்படி தடுக்கக் கூடாது.
– நியாயமான காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்.
– மறுத்தால் எழுத்தில் மறுக்க வேண்டும். பதிவேட்டில் போதிய சான்று இருக்க வேண்டும்.
– எஃப்.சி.சி. வரம்புக்கு உட்பட்ட கதிர்வீச்சைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது.

• பலர் கோட்டை விடுவது கடைசி வரம்பில்தான். கதிர்வீச்சு அச்சத்தால் மறுத்தால் நீதிமன்றத்தில் நிற்காது. காட்சி கெடும் என்ற காரணம் நிற்கலாம். ஆனால் ‘பார்க்க நன்றாக இருக்காது’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்தச் சாலையிலிருந்து, எந்த ஏரிக்கரையிலிருந்து, எவ்வளவு தெரியும் என்று காட்ட வேண்டும்.

• அதற்கான நடைமுறை பலூன் சோதனை. கோபுரம் வரவிருக்கும் இடத்தில், அதே உயரத்துக்கு, பளிச்சென்ற நிறப் பலூன் ஒன்றைக் கயிற்றில் கட்டிப் பறக்க விடுவார்கள். சுற்றுவட்டாரத்தின் முக்கியப் பார்வை இடங்களிலிருந்து படம் எடுப்பார்கள். காற்று பலமாக அடித்தால் பலூன் சாய்ந்து உயரம் குறைவாகத் தெரியும் என்பதால் அமைதியான நாளைத் தேர்வார்கள். அந்தப் படங்கள் பதிவேட்டில் சேர்ந்து சான்றாகின்றன.

எடுத்துக்காட்டு: அடிராண்டாக் பூங்கா, நியூயார்க்

• தொடக்கம் 1892. பரப்பு சுமார் 60 லட்சம் ஏக்கர். இதில் ஏறத்தாழ பாதி தனியார் நிலம்; ஊர்களும் உண்டு. மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமான மார்சி (5,344 அடி) இங்கேதான்.

• அடிராண்டாக் பூங்கா முகமை: 1971. தனியார் நிலத் திட்டம்: 1973. 40 அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டமைப்புகளுக்கு முகமையின் அனுமதி தேவை.

• 2002-ன் கோபுரக் கொள்கையில் அளவுகோல்: கோபுரம் ‘பெருமளவு கண்ணுக்குப் புலப்படாமல்’ இருக்க வேண்டும். முகட்டின் மேல் நிறுத்தாமல் சரிவில், மரங்களின் பின்னணியில் அமைப்பது முதல் வழி. பைன் மரம்போல வேடமிடுவது இன்னொரு வழி. ஜார்ஜ் ஏரிக்கு மேலே பைலட் நாப் பகுதியில் நின்ற அப்படி ஒரு கோபுரத்துக்கு மக்கள் வைத்த பெயர் ‘ஃபிராங்கன்பைன்’. வேடம் பொருந்தாவிட்டால் கோபுரம் இன்னும் துருத்திக்கொண்டு தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி.

• மறுபக்கத்தையும் எழுத வேண்டும். 2007 ஜனவரியில் இப்பூங்கா வழியே செல்லும் நார்த்வே நெடுஞ்சாலையில் கார் விபத்துக்குள்ளான ஒருவர், சிக்னல் இல்லாததால் உதவிக்கு அழைக்க முடியாமல் கடுங்குளிரில் உயிரிழந்தார். அதன்பின் அந்தச் சாலையோரம் கோபுரங்கள் அனுமதிக்கப்பட்டன. காட்சிக்காக உயிரை விலையாகக் கேட்க முடியாது. மரத்தின் உயரத்தை ஒட்டிய கோபுரங்கள் சிலவற்றை எழுப்பினால் இரண்டையும் காக்கலாம். இந்த வழிக்குச் செலவு அதிகம். ஆனாலும் சரியான வழி இதுதான்.

வட கரோலினா: தேர்வர்கள் கவனிக்க

• மலைமுகட்டுப் பாதுகாப்புச் சட்டம், 1983. லிட்டில் சுகர் மலை உச்சியில் எழுந்த ‘சுகர் டாப்’ என்ற பத்து மாடிக் கட்டடம் கிளப்பிய எதிர்ப்பில் பிறந்தது. 40 அடிக்கு மேற்பட்ட கட்டடங்களை முகடுகளில் கட்டுப்படுத்துகிறது. ஆனால் வானொலி, தொலைபேசி, தொலைக்காட்சிக் கோபுரங்களுக்கு விலக்கு! எனவே கோபுரங்களுக்குக் கவுண்டிகள் தனி விதி வகுக்க வேண்டியிருக்கிறது.

கால வரம்பும் தீர்ப்புகளும்

• உள்ளாட்சி முடிவு சொல்ல எஃப்.சி.சி. 2009-ல் வைத்த கெடு: இருக்கும் கோபுரத்தில் கூடுதல் கருவி பொருத்த 90 நாள், புதிய கோபுரத்துக்கு 150 நாள். இந்த வரம்பை விதிக்க எஃப்.சி.சி.க்கு உரிமை உண்டு என்றது ஆர்லிங்டன் நகரம் எதிர் எஃப்.சி.சி. (2013).

• டி-மொபைல் சவுத் எதிர் ரோஸ்வெல் நகரம், 2015: ஜார்ஜியாவில் பைன் மர வடிவில் 108 அடிக் கோபுரம் கேட்கப்பட்டது. நகரமன்றம் மறுத்தது, இரண்டு நாளில் கடிதம் போனது. கடிதத்தில் காரணம் இல்லை. காரணங்கள் அடங்கிய கூட்டக் குறிப்பு 26 நாள் கழித்துத்தான் வெளியானது. வழக்குத் தொடரக் கெடுவோ 30 நாள். காரணங்கள் கடிதத்திலேயே இருக்க வேண்டியதில்லை, ஆனால் ஏறக்குறைய அதே வேளையில் தரப்பட வேண்டும் என்றார் நீதிபதி சோட்டோமேயர். நகரம் தோற்றது.

• விமானப் பாதுகாப்பு: 200 அடிக்கு மேற்பட்ட கோபுரத்துக்குப் பொதுவாக விளக்கும் நிறக்குறியும் தேவை. எனவே 199 அடியோடு நிறுத்துவது வழக்கம்.

இந்தியாவோடு ஒப்பிட

• தொலைத்தொடர்பு மத்தியப் பட்டியல் 31-வது பதிவு. 2016-ல் அகமதாபாத் மாநகராட்சி எதிர் ஜி.டி.எல். வழக்கில், கைபேசிக் கோபுரமும் ‘கட்டடம்’தான், மாநிலச் சட்டப்படி சொத்து வரி விதிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 14-வது பிரிவு, சொத்து வரி உள்ளிட்டவற்றுக்கு வலையமைப்பை நிலத்திலிருந்து பிரித்தே பார்க்க வேண்டும் என்கிறது. இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.