கடின நீரும் கலங்கிய மனமும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

சென்ற ஆண்டு ஒருநாள், நீர் சுத்திகரிப்புக் கருவி விற்பவர் ஒருவர் எங்கள் வீட்டிற்கு வந்தார். ஒரு குவளையில் எங்கள் குழாய் நீரையும், மற்றொன்றில் தம் கருவியின் நீரையும் ஊற்றி, இரண்டிலும் மின்கம்பிகளை இறக்கினார். சிறிது நேரத்தில் எங்கள் நீர் செம்பழுப்பாகத் திரைந்தது. அவருடையது தெளிவாகவே இருந்தது.

"இந்தத் தண்ணியவாய்யா இத்தனை வருசமாக் குடிச்சோம்?" என்று அம்மா பதறினார். தோட்டை அடகு வைத்து முன்பணம் கட்டவும் துணிந்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். "ரெண்டு நாள் பொறும்மா" என்றேன்.

அந்தப் பழுப்பு நீரின் அழுக்கன்று. மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பியே கரைந்து துருவாகிறது. உப்புகள் கரைந்த நீர் மின்சாரத்தைக் கடத்தும். உப்பு நீக்கிய நீர் மிகக் குறைவாகவே கடத்தும். வித்தை அவ்வளவே!

ஆயின், எங்கள் நீரில் குறையே இல்லையா? உண்டு. முல்லைப் பெரியாறு நீரும் சேர்ந்து, 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையிலிருந்து மதுரைக்கு வரும் ஆற்று நீர் பொதுவாக மென்மையானது. எங்கள் தெருக் குழாயில் வருவதோ ஆழ்துளைக் கிணற்று நீர். பாறையிடையே நெடுங்காலம் தங்கிய நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கும். எனவேதான் சோப்பு நுரைப்பதில்லை. வெந்நீர்ப் பானையில் வெள்ளைப் படிவு ஏறுகிறது.

பேராசிரியரின் அனுமதி பெற்று, ஆய்வகத்தில் இ.டி.டி.ஏ. கரைசலால் தரம்பார்த்தேன். ஒயின் சிவப்பு நீலமாக மாறியபோது கிடைத்த விடை: லிட்டருக்கு 140 மில்லிகிராம். மிதமான கடினம்தான். இந்தியத் தர நிர்ணயம் (10500) ஏற்கும் அளவு 200. வேறு நீர் கிடைக்காவிடில் 600 வரை. அதே நீரைக் கொதிக்கவைத்து, தெளியவிட்டு வடித்தபின் 80! பைகார்பனேட்டுகள் கார்பனேட்டாகிப் படிந்துவிட்டன.

எந்தக் கருவி எதைச் செய்யும்? கேண்டில் வடிகட்டி கலங்கலை நீக்கும்; புற ஊதாக் கதிர் கிருமியைக் கொல்லும். இரண்டும் கடினத்தைக் குறைப்பதில்லை. ரெசின் கருவி கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைத் தரும். ஆர்.ஓ. ஏறக்குறைய எல்லா உப்பையும் நீக்கும். நீரில் பெரும்பகுதியைக் கழிவாகவும் தள்ளும். உவர் நீருக்கும், புளோரைடு மிகுந்த நீருக்கும் அது தேவை. எங்கள் நீருக்குக் கொதிக்கவைத்தலே போதும், கிருமியும் அழியும்.

கணக்கை அம்மாவிடம் விளக்கினேன். எண்கள் அவருக்கு விளங்கவில்லை. பானையின் படிவைச் சுரண்டிக் காட்டியதும் விளங்கிற்று. "அப்ப தோடு காதுலயே கிடக்கட்டும்" என்றார்.

நண்பர்களே, கருவி வாங்குமுன் நீரைச் சோதியுங்கள். நாம் கற்கும் வேதியியல் தேர்வுத் தாளோடு நின்றுவிடலாகாது. அது நம் வீட்டு அடுப்படிக்கும் வரவேண்டும்.