உளுந்தூர்பேட்டைக்கும் வாழப்பாடிக்கும் நடுவே

வாழவந்தி,
மார்கழி 12.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அக்கா நேற்று போனில் அரை மணி நேரம் அழுதாள். உளுந்தூர்பேட்டையில் டீ குடித்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதாம். அடுத்தது வாழப்பாடி வெளிச்சமாம். நடுவில் சுமார் நூறு கிலோமீட்டர் காணோம். சேலம் வீட்டுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் வந்தாயாம். முனி அடித்துவிட்டது என்பது அவள் கட்சி. கையில் கட்டிய கயிற்றைக் கழற்றிவிடாதே. அவளோடு வாதாடி இந்தக் குடும்பத்தில் யாரும் ஜெயித்ததில்லை.

கயிறு இருக்கட்டும், போனை எடு. வீரசோழபுரம், நத்தக்கரை, மேட்டுப்பட்டி, மூன்று டோல்கேட்டிலும் ஃபாஸ்டாக் காசு எடுத்ததற்கு மெசேஜ் வந்திருக்கும். நேரத்தை எழுதிப் பார். இடைவெளி வழக்கம்போல இருந்தால் நீ ஒழுங்காகத்தான் ஓட்டியிருக்கிறாய், மனசு மட்டும் எதையும் பதிந்து வைக்கவில்லை. ஏதோ ஒரு இடைவெளி மட்டும் ஒரு மணி நேரம் நீண்டிருந்தால், எங்கோ ஓரங்கட்டித் தூங்கிவிட்டு அதையே மறந்திருக்கிறாய். இரண்டும் வேறு வேறு சங்கதி. முதலில் எதுவென்று தெரியட்டும், பயப்படுவதை அப்புறம் பார்ப்போம்.

முதல் வகை லாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பழகிய ரோடு, ஒரே வேகம், எதிரே ஒரே மாதிரி வெள்ளைக் கோடு. கையும் காலும் தானாக வேலை செய்யும், நினைவு தங்காது. அதற்கு அடுத்த படிதான் ஆளைக் கொல்வது. மூன்று நாலு நொடி மூளை அணைந்து எரியும், நமக்குத் தெரியவே தெரியாது. எண்பதில் போகிறவன் நாலு நொடியில் கிட்டத்தட்ட தொண்ணூறு மீட்டர் போய்விடுவான். நான் லாரி ஓட்டிய காலத்தில் ஒருமுறை தொப்பூருக்கு முன்னால் ஓரத்து ஜல்லியில் டயர் ஏறிய சத்தம் கேட்டுத்தான் எனக்குச் சுரணை வந்தது. கண் திறந்தே இருந்தது என்று சத்தியம் செய்தேன். பக்கத்திலிருந்த கிளீனர் பையன், "அண்ணே, நீங்க குறட்டை விட்டீங்க" என்றான்.

இனிமேல் ராத்திரியில் ஏற்காட்டு மலைக்கு என்னைப் பார்க்க வரமாட்டேன் என்றாயாமே? சிரிப்பு வந்தது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் ரோட்டில் இருபது கொண்டை ஊசி வளைவு. குப்பனூர் வழியாக வந்தாலும் கை சும்மா இருக்காது. வளைவுக்கு வளைவு கியர் மாற்ற வேண்டும், மூடுபனிக்குள் காட்டெருமை நிற்கிறதா பார்க்க வேண்டும். தூக்கம் எங்கிருந்து வரும்? நீ நல்ல ரோடு என்று நம்பினாயே, அந்த நேர்ரோடுதான் கண்ணைச் சொக்க வைக்கிறது.

காரணம் தெரியாதபோது மனசு ஒரு கதையைத் தேடும். கொடைக்கானலிலும் மூணாறு பக்கத்திலும் மதிகெட்டான் சோலை என்று காட்டுக்கே பெயர் வைத்தார்கள் நம் ஆட்கள். நீ அனுப்பிய அமெரிக்கத் தம்பதி கதையும் படித்தேன். பார்னி ஹில், பெட்டி ஹில். 1961 செப்டம்பரில் கனடாவிலிருந்து இரவில் காரில் திரும்பும்போது வானத்தில் வெளிச்சம் பார்த்தார்கள், சுமார் இரண்டு மணி நேரத்துக்குக் கணக்கு இல்லை என்றார்கள். 1964-ல் பெஞ்சமின் சைமன் என்ற மனநல மருத்துவர் அவர்களை அறிதுயிலில் ஆழ்த்தி விசாரித்தார். விண்கலம் கடத்திப்போன கதை பெட்டியின் கனவுகளிலிருந்து வந்தது என்பதுதான் அவர் முடிவு. உலகம் அவரை விட்டுவிட்டு விண்கலத்தைப் பிடித்துக்கொண்டது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

உன் கணக்குக்கு வருவோம். காலை ஆறுக்கு எழுந்து, ஆபீஸ் முடித்து, ராத்திரி ஒன்பதுக்குச் சென்னையில் வண்டி எடுத்திருக்கிறாய். உளுந்தூர்பேட்டையில் மணி ஒன்று. பத்தொன்பது மணி நேர விழிப்பு. பதினேழு மணி நேரம் விழித்திருப்பவனின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவனின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று ஆஸ்திரேலியாவில் 1997-ல் சோதித்துச் சொன்னார்கள். நம் சட்டம் 0.03-க்கு மேல் போனாலே பிடிக்கும். நீ குடிக்காத பிள்ளை என்று அக்காவுக்குப் பெருமை வேறு. ஊதச் சொல்லும் கருவியில் தூக்கம் தெரியாது, அவ்வளவுதான்.

அன்று சளி மாத்திரை ஏதாவது போட்டாயா? இறங்கியதும் தலைவலி, குமட்டல் இருந்ததா? இருந்தால் சைலன்சர் புகை உள்ளே கசிகிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. குறட்டை உண்டா என்று அக்காவிடமே கேட்டுக்கொள்கிறேன். நன்றாகத் தூங்கி எழுந்த நாளில், பட்டப்பகலில் இப்படி ஆனாலோ, நாக்கைக் கடித்திருந்தாலோ அது வேறு. வலிப்பிலும் இப்படி நினைவு அறுபடும். நரம்பியல் டாக்டரைப் பார்க்கும்வரை ஸ்டியரிங்கைத் தொடாதே. இதில் உன் வீரம் எனக்கு வேண்டாம்.

ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகம் கழுவுவது எல்லாம் நானும் செய்தவன்தான். சில நிமிஷம் தாங்கும். கண் சொக்கினால் வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்கில் ஓரங்கட்டு. ஒரு காபி குடி, உடனே கால் மணி நேரம் படு. காபி வேலை செய்ய இருபது, முப்பது நிமிஷம் ஆகும், எழுந்திருக்கும்போது அது உனக்காகக் காத்திருக்கும். காக்பர்ன் கலெக்டர் 1820-களில் இந்த மலைக்குக் காபி கொண்டுவந்தது முதல் எல்லோரும் குடிக்கிறார்கள், படுக்கிறவனைத்தான் காணோம். எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் மட்டும் படுக்காதே.

டோல் மெசேஜ் மூன்றையும் இன்றைக்கே அனுப்பு. இங்கே காபிப் பழம் பறிப்பு தை கடைசிவரை இருக்கும். பகல் பஸ்ஸில் வா, உன் கணக்கையும் என் பழைய டைரியையும் வைத்துக்கொண்டு உட்காருவோம்.

அன்புடன்,
மாமா