ரூட்டர் கருவியின் ஸ்விட்ச் பழுதும் அதனைக் கண்டறியும் முறையும்

பலகைகளில் காடி எடுப்பதற்கும், விளிம்புகளுக்கு வடிவம் கொடுப்பதற்கும், கீல் பதிக்கும் பள்ளம் வெட்டுவதற்கும் பயன்படும் ரூட்டர் என்னும் மின்கருவி, தொழிற்பயிற்சி நிலையங்களிலும் மரவேலைப் பட்டறைகளிலும் இன்று சாதாரணமாகக் காணப்படுகிறது. இக்கருவியில் எளிதில் பழுதடையக்கூடிய உறுப்புகளுள் ஒன்று அதன் ஸ்விட்ச். எனினும், “ஸ்விட்ச் கெட்டுவிட்டது” என்று கொண்டுவரப்படும் எல்லாக் கருவிகளிலும் பழுது ஸ்விட்சில்தான் இருக்கும் என்பதில்லை. பழுது உள்ள இடத்தை ஒழுங்காகக் கண்டறியும் முறையையும், அவ்வேலையில் கைக்கொள்ளவேண்டிய பாதுகாப்பு விதிகளையும் இங்கே காண்போம்.

மின்னோட்டம் செல்லும் வழி

ரூட்டரினுள் அமைந்திருப்பது பெரும்பாலும் யூனிவர்சல் மோட்டார் ஆகும். இதில் புலச் சுருள்களும் ஆர்மேச்சூரும் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. பிளக்கில் நுழையும் மின்னோட்டம் கம்பிவடம், ஸ்விட்ச், புலச் சுருள், கார்பன் பிரஷ், ஆர்மேச்சூர், மற்றொரு பிரஷ் என்ற வரிசையில் சென்று மீள்கிறது. இச்சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் மோட்டார் சுழலாது. வெளியே தெரியும் அடையாளம் ஒன்றே; காரணங்களோ பல. ஆகவே, சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தல் இன்றியமையாதது.

ஸ்விட்ச் கெடுவதற்குக் காரணங்கள்

1,500 வாட் ஆற்றலுள்ள ரூட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 6.5 ஆம்பியர் மின்னோட்டத்தை ஏற்கிறது. மோட்டார் புறப்படும் கணத்தில் இது பன்மடங்காகிறது. ஸ்விட்சைத் திறக்கும்போது, சுருள்களில் தேங்கிய காந்த ஆற்றல் தொடுமுனைகளுக்கிடையே மின்வில்லாக வெளிப்படுகிறது. ஒவ்வொரு முறையும் இவ்வில் தொடுமுனைகளின் வெள்ளிக் கலவைப் பரப்பைச் சிறிது எரித்துக் குழியாக்குகிறது. இதனுடன் நுண்ணிய மரத்தூள் உட்புகுந்து தொடுமுனைகளுக்கிடையே படிந்தால் மின்தடை மிகுந்து வெப்பம் உண்டாகும். கருவியின் இடையறாத அதிர்வினால் இணைப்புத் திருகுகள் தளர்வதும் உண்டு.

இக்காரணங்களால் இருவகைக் கோளாறுகள் நேரலாம். முதல் வகையில் கருவி ஓடாது, அல்லது விட்டுவிட்டு ஓடும். இரண்டாம் வகையில் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்வதால் ஸ்விட்சை அணைத்தாலும் கருவி நில்லாது. முதல் வகையால் வேலை தடைப்படும். இரண்டாம் வகையோ விரலையும் உயிரையும் பறிக்கக்கூடியது. நிமிடத்திற்கு 24,000 முறை சுழலும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெட்டலகின் விளிம்பு, வினாடிக்கு ஏறத்தாழ 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்பதை மாணவர்களே கணக்கிட்டு உணருமாறு செய்தல் நலம்.

கருவி நிற்க மறுத்தால்

கருவியை இரு கைகளாலும் உறுதியாகப் பற்றிக்கொண்டே மரத்திலிருந்து விலக்கவேண்டும். அமிழ்த்தி வெட்டும் வகையாயின், பூட்டைத் தளர்த்தி வெட்டலகை அடித்தட்டிற்குள் உயரவிடலாம். ஓடும் கருவியை மேசைமீது வைத்துவிட்டு அகலுதல் கூடாது. அருகிலுள்ளவர் சுவரிலுள்ள ஸ்விட்சை அணைக்கவேண்டும். வேலை செய்பவரின் கைக்கெட்டும் தூரத்தில் சாக்கெட் இருக்கவேண்டும் என்னும் விதியின் பயன் இங்கேதான் விளங்கும்.

சோதனைக்கு முன்

பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து முற்றிலும் கழற்றி, அதனைச் சோதிப்பவர் தம் கண்முன்னே வைத்துக்கொள்ளல் வேண்டும். சுவர் ஸ்விட்சை அணைப்பது மட்டும் போதாது. வெட்டலகையும் கழற்றிவிடவேண்டும். உள்ளே மின்தேக்கி இருக்கலாம். ஆகையால் கழற்றிய உடனே பிளக்கின் முனைகளைத் தொடலாகாது.

சோதனை வரிசை

1. மின்வழங்கல்: நன்றாக எரியும் மேசை விளக்கொன்றை அதே சாக்கெட்டில் பொருத்திப் பார்க்கவும். விளக்கு எரியாவிடில் பழுது கருவியில் இல்லை. பியூஸையும் சாக்கெட்டையும் சோதிக்கவும்.

2. கருவியின் காப்பமைப்பு: மின்சாரம் தடைப்பட்டு மீண்டும் வந்தால் தானே ஓடாதவாறு சில புதிய கருவிகள் அமைக்கப்பட்டுள்ளன. ஸ்விட்சை ஒருமுறை அணைத்து மீண்டும் போட்டால் இவை ஓடும். இதனைப் பழுதென மயங்கலாகாது.

3. கம்பிவடம்: கருவியின் உடலுக்குள் வடம் நுழையும் இடத்திலும் பிளக்கின் கழுத்திலும் உள்ளிழைகள் அறுவது மிக இயல்பு. மூடியைத் திறந்து, பிளக் முனைக்கும் ஸ்விட்ச் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, வடத்தை அங்கங்கே மெல்ல வளைத்துப் பார்க்கவும். அளவு துள்ளினால் அவ்விடத்தில் இழை அறுந்துள்ளது.

4. ஸ்விட்ச்: ஸ்விட்சுடன் இணைந்த கம்பிகளின் இடங்களைப் படமாக வரைந்து குறித்துக்கொண்டு, அவற்றைக் கழற்றவும். ஸ்விட்சைப் போட்ட நிலையில் மீட்டர் ஏறத்தாழ சுழி ஓம் காட்டவேண்டும். அணைத்த நிலையில் தொடர்பே காட்டலாகாது. பத்து முறை போட்டு அணைத்துப் பார்க்கவும். ஒருமுறை பிறழ்ந்தாலும் ஸ்விட்ச் பழுதானதே. இரு கம்பிகளையும் ஒருங்கே துண்டிக்கும் ஸ்விட்சாயின் இரு பாதைகளையும் தனித்தனியே சோதிக்கவும்.

5. கார்பன் பிரஷ்: ஸ்விட்ச் நன்றாயிருந்தும் கருவி ஓடாவிடில் பிரஷ்களைக் கழற்றிப் பார்க்கவும். தேய்மான வரையைக் கடந்தவை, விரிசலுற்றவை, வில்லின் அழுத்தம் குன்றியவை ஆகியவற்றை இரண்டு பிரஷ்களையும் சேர்த்தே மாற்றுக. உடலைத் தட்டினால் ஓடும் கருவியில் பிரஷையும் தளர்ந்த இணைப்பையுமே முதலில் ஐயுறவேண்டும்.

வேகத்தை மின்னணு முறையில் கட்டுப்படுத்தும் கருவிகளில், பிளக்கின் இரு முனைகளுக்கிடையே மட்டும் அளந்து முடிவுக்கு வரலாகாது. கட்டுப்பாட்டுச் சுற்று அளவைத் திரித்துக் காட்டும். ஒவ்வோர் உறுப்பையும் தனித்தே அளக்கவேண்டும்.

மாற்றும் முறை

தூள் படிந்த ஸ்விட்சை ஊதியும், குழிவிழுந்த தொடுமுனைகளை அரத்தால் தேய்த்தும் மீண்டும் ஓட்டுவது சில நாட்களே பயன்தரும். தேய்க்கும்போது வெள்ளிப் பரப்பும் நீங்கிவிடுகிறது. அதே வோல்ட், ஆம்பியர் அளவுகளும், அதே துருவ எண்ணிக்கையும், அதே வடிவமும் உடைய புதிய ஸ்விட்சையே பொருத்தவேண்டும். கம்பிகளின் காப்பு உறைகளை முன்போல் ஏற்றி, எந்தக் கம்பியும் மூடியின் விளிம்பில் நசுங்காதவாறு மூடி, வடத்தைப் பிடிக்கும் கவ்வியை இறுக்கவேண்டும்.

ஸ்விட்சை நீக்கிவிட்டு இரு கம்பிகளையும் நேராக முறுக்கி இணைக்கும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. இதனை “டைரக்ட் கொடுத்தல்” என்பர். அவசர வேலைக்காகவும் இதனை அனுமதித்தல் கூடாது. வேலை நடுவே மின்சாரம் நின்றுவிட, தொழிலாளி கருவியைக் கீழே வைத்துச் செல்வார். மின்சாரம் திரும்பியதும் ஆளற்ற கருவி முழு வேகத்தில் சுழன்று மேசையினின்று பாயும். அருகில் நிற்பவர் எவராயினும் அதற்கு இரையாகலாம்.

இறுதிச் சோதனை

பிளக்கின் இரு மின்முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து, அவற்றிற்கும் கருவியின் உலோகப் பகுதிகளுக்கும் இடையே 500 வோல்ட் மெக்கரால் காப்புத் தடையை அளக்கவும். அப்போது கருவியின் ஸ்விட்ச் போட்ட நிலையில் இருக்கவேண்டும். ஒரு மெகோமிற்குக் குறைந்தால் கருவியை உபயோகிக்கலாகாது. அதன்பின் வெட்டலகின்றி, ஸ்விட்ச் அணைந்த நிலையில் பிளக்கைப் பொருத்தி, பலமுறை ஓட்டி நிறுத்திப் பார்க்கவும். வெட்டலகு இல்லாதபோது காலெட்டின் மறையை இறுக்கினால் காலெட் கெடும்.

ஆசிரியர்களுக்கு

கழற்றிய பழைய ஸ்விட்சை எறிந்துவிடாமல், உடைத்துத் திறந்து வகுப்பில் காட்டுக. கருகிய தொடுமுனையும் அதனைச் சூழ்ந்த மரத்தூளும் நீண்ட விரிவுரையைவிடத் தெளிவாக மாணவர்க்குப் பாடம் கற்பிக்கும். பழுதான கருவிக்கு உடனே “பழுது—உபயோகிக்காதே” என்னும் அட்டையைக் கட்டித் தனியே வைக்கவும், பழுது பார்த்தவர் சோதனை முடித்துக் கையொப்பமிட்டபின்பே அவ்வட்டையை அவிழ்க்கவும் மாணவர்களைப் பழக்குதல் வேண்டும்.