எறியும் கையைக் கண்டுபிடிப்பது எப்படி?

பேஸ்பால் ஆட திறமைசாலிகளைத் தேடிப் பிடிப்பவருக்கு 'ஸ்கவுட்' என்று பெயர். ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் உ.பி.யில் ஈட்டி எறிந்தவர்கள். பேஸ்பால் ஆடியதே இல்லை! ஒரு பந்து எறியும் போட்டியில் ஸ்கவுட் கண்ணில் பட்டார்கள். 2008-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது.

நானும் ஸ்கவுட் வேலையை ஆரம்பிச்சுட்டேன். நம்ம மூக்கண்டப்பள்ளி மைதானத்தில் 18.44 மீட்டர் அளந்தேன். பந்து எறிபவருக்கும் அடிப்பவருக்கும் உள்ள தூரம் அது. பத்தாவதோட நின்னு சிப்காட் கம்பெனிக்குப் போறேன்னு சொல்ற நண்பன் எறிந்தான். ஸ்டாப் வாட்ச்சில் 0.8 விநாடி. தூரத்தை நேரத்தால் வகுத்து 3.6-ஆல் பெருக்கினால், மணிக்கு 83 கி.மீ.! (கை கொஞ்சம் முந்தும் பிந்தும், பத்து தடவை எறியவிட்டு சராசரி எடுக்கணும்.) வேகம் மட்டும் போதாது, குறியும் பார்க்கணும்.

"மாங்காய் அடிச்ச கைடா இது"ன்னு சிரிச்சான். வெள்ளிக்கிழமை பி.டி. சார் பார்க்க வர்றார். அவனும் வர்றேன்னு சொல்லியிருக்கான்.