உயிரணுக்கள் அனுப்பும் அஞ்சல்

இனிப்பு நீர் வந்தால் சீனியைக் குறைக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் எல்லாரும் அறிந்ததே. ஆனால், இரத்தத்தில் கூடிய சர்க்கரை கால் விரலையும் கண்ணையும் இதயத்தையும் எவ்வாறு தாக்குகிறது? 2023ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களுள் 15.6 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. ஆகவே, உயிர்மருத்துவ மாணவியான நான் கற்றதொரு செய்தியைத் தமிழில் பகிர விழைகிறேன்.

நம் உயிரணுக்கள் சவ்வு சூழ்ந்த நுண்ணிய பைகளை வெளியே அனுப்புகின்றன. இவற்றுள் எக்சோசோம் எனப்படுபவை ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர் அளவே. 1967இல் பீட்டர் உல்ஃப் என்பவர் இரத்தத் தட்டணுக்களிலிருந்து உதிரும் துகள்களைத் ‘தட்டணுத் தூசி’ என்றார். 2007இல் சுவீடன் ஆய்வாளர்கள், எக்சோசோம்களுக்குள் ஆர்.என்.ஏ. இருப்பதையும், அது மற்றோர் உயிரணுவினுள் சென்று வேலை செய்வதையும் காட்டினர். தூசி என்று எண்ணியது அஞ்சலாக மாறியது!

இரத்தக்குழாயின் உட்சுவரில் எண்டோதீலிய உயிரணுக்கள் ஓரடுக்காக அமைந்துள்ளன. இவை அனுப்பும் நுண்பைகளில் மைஆர்-126 எனும் சிறு ஆர்.என்.ஏ. உண்டு. காயமுற்ற சுவரைச் சீர்செய்ய அது உதவுகிறது. சர்க்கரை மிகுந்த சூழலில் இதன் அளவு குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மறுபுறம், நோயாளிகளின் இரத்தத்தில் தட்டணு நுண்பைகள் பெருகுகின்றன. இவற்றின் மேற்பரப்பிலுள்ள ஒருவகைக் கொழுப்பு, இரத்தம் உறைவதைத் தூண்டும். சீரமைப்புக் குறைந்து உறைதல் கூடினால் குழாய் அடைபடுவது எளிதாகிறது. இது மட்டுமே காரணமன்று. உயர் இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைத்தல் ஆகியனவும் சேர்கின்றன.

என் பாட்டியின் கால் கட்டைவிரல் அகற்றப்பட்டபோது, செருப்புக் கடித்ததே காரணம் என்று உறவினர் பேசிக்கொண்டனர். செருப்பு புண்ணைத் தொடங்கி வைத்தது. குறுகிய குழாயும் மரத்துப்போன நரம்பும் அதை ஆறவிடவில்லை. தமிழ்ப்பள்ளிக்குப் பின் அறிவியலை மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்த நான், இதைப் பாட்டிக்கு விளக்கத் தமிழ்ச்சொற்களைத் தேடினேன். அத்தேடலே இக்கட்டுரை.

நுண்பைகளைக் கொண்டு நோயை முன்கூட்டியே அறியும் முயற்சிகள் ஆய்வுக்கூடங்களில் நடைபெறுகின்றன. நாம் இன்றே செய்யக்கூடியவை எளியவை: சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்தல், புகையை விடுதல், நாள்தோறும் பாதங்களைப் பார்த்தல். அன்பர்களே, இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பாதங்களையும் ஒருமுறை பாருங்கள்.